எடுக்காமல் விட்ட சிரிப்பு

சென்ற மாதம் சென்னையிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். படக் கம்பெனியிலிருந்து பேசுவதாகவும், கதாநாயகனின் அப்பா வேடத்துக்கு நான் வேண்டும் என்றும் சொன்னார். நடிப்பதை நிறுத்திவிட்டேன், முழங்கால் மடங்குவதில்லை என்றேன்.

“நடிக்க வேணாம் சார். முதல் சீன்லயே எறந்துடுறீங்க. படுத்தா போதும்.”

“படுக்கறதுக்கும் அங்க வரணுமேம்மா.”

“வரவே வேணாம் சார். நாங்களே பாண்டிக்கு வந்து உங்க முகத்த எல்லாப் பக்கமும் எடுத்துக்கிறோம். மிச்சத்த கம்ப்யூட்டர் படுத்துக்கும்.”

“முடிஞ்சதும் சிரிக்கிறது யாரு?” என்று கேட்டேன்.

 “இது காமெடிப் படம் இல்ல சார்” என்றார் மரியாதையாக. நான் முடியாது என்றேன். காரணம் கேட்டார். தொலைபேசியில் சொல்லக்கூடிய நீளத்தில் காரணம் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

என் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலைத் தொழிலாளர்கள் ஆண்டுக்கொரு நாடகம் போடுவார்கள். மீசை சரியாக முளைக்காத வயதில் எனக்கு அதில் எண்பது வயதுக் கிழவர் வேடம் கொடுத்தார்கள். குரல் அப்படி. அதன் பிறகு என்னை என் வயதுக்கு நடிக்க யாரும் கூப்பிடவில்லை. முப்பது வயதில் அறுபது வயதுக்காரராகவும், அறுபது வயதில் அதே அறுபது வயதுக்காரராகவும் நடித்தேன்.

பிழைப்புக்கு ஒரு மாலைப் பத்திரிகையில் துணை ஆசிரியர் வேலை. விபத்துச் செய்திகளும் இரங்கல் அறிவிப்புகளும் என் மேசைக்கு வரும். எங்கள் ஆசிரியர் எனக்குக் கற்றுக்கொடுத்த விதி ஒன்றுதான்: செத்தவர் செத்துவிட்டாரா என்று ஒருமுறை விசாரித்துவிட்டுப் போடு. இந்த ஊரில் அது அவசியமான விதி.

புதுச்சேரியில் எந்நேரமும் ஏதாவது ஒரு தெருவில் படப்பிடிப்பு நடக்கும். மஞ்சள் சுவர் ஓரமாக இருவர் ஓடுவார்கள். திரும்ப வந்து மறுபடி ஓடுவார்கள். அப்படி ஒன்றைச் செய்தியாக்கப் போயிருந்தபோது, கதாநாயகியின் அப்பாவாக நடிக்க வேண்டியவருக்கு வயிறு சரியில்லை. என் சட்டை அளவு பொருந்தியதால் என்னை நிறுத்தினார்கள். அந்தப் படத்தில் இடைவேளைக்குச் சற்று முன்பு இறந்தேன். நன்றாக இறந்ததாகச் சொன்னார்கள். அடுத்த படத்துக்கும் கூப்பிட்டார்கள்.

தமிழ்ப் படத்தில் இது ஒரு தனி உத்தியோகம். கதாநாயகனுக்குக் கோபம் வர வேண்டும். அதற்கு வீட்டில் யாராவது சாக வேண்டும். அம்மாவைக் கொன்றால் இரண்டாம் பாதியில் சோறு போட ஆள் இருக்காது. ஆகவே அப்பா. தொலைக்காட்சித் தொடர்களில் இதையே நிதானமாகச் செய்வேன். திங்கட்கிழமை தொடங்கும் மாரடைப்பு வெள்ளிக்கிழமைதான் முடியும். பிறகு மாலை போட்ட என் படம் சுவரில் ஏறும். ஒரு தொடரில் என்னைவிட என் படம்தான் அதிக காலம் நடித்தது. மருமகள்கள் அதன் முன்னால் நின்று சபதம் செய்தார்கள்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நானும் என் மனைவி தேவகியும் மட்டுந்தான். சினிமாக்காரர்கள் மட்டும் எல்லோருமே, என்னைவிட மூத்தவர்கள் உட்பட, என்னை அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள்.

பிணமாகப் படுப்பதைச் சுலபம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை படுத்துப் பார்க்கலாம். கேமரா மார்பில் இருந்தால் வயிற்றால் மூச்சுவிட வேண்டும்; வயிற்றில் இருந்தால் மார்பால். இமை மூடியிருந்தாலும் உள்ளே விழி அலையும். அது திரையில் நன்றாகத் தெரியும். அதனால் கண்ணை மூடுமுன் மேலே ஏதாவது ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு, மூடிய பிறகும் அங்கேயே பார்க்க வேண்டும். நெற்றிக் காசு வியர்வையில் நழுவும். மாலையில் எறும்பு இருக்கும். அழுகிற நடிகை மார்பில் விழுவார். அவர் விழுவதற்கு முன்பே மூச்சை வெளியே விட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் விழுந்ததும் பிணம் ‘ஹும்’ என்று சொல்லும். தாடையைச் சேர்த்துக் கட்டும் துணி மட்டும் உதவியான பொருள். இருமல் வந்தாலும் அது வெளியே விடாது.

எல்லாம் முடிந்ததும் ஒரு வழக்கம் உண்டு. சாவுக் காட்சி எடுத்தால், செத்தவர் எழுந்து அதே கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதை எடுத்த பிறகுதான் கேமராவை நிறுத்துவார்கள். அந்தச் சிரிப்பு படத்தில் வராது. எடிட்டிங்கில் வெட்டிப் போட்டுவிடுவார்கள். ஆனால் எடுத்தாக வேண்டும். சாவோடு கேமரா நிற்கக் கூடாது என்பது கணக்கு. பகுத்தறிவு வசனம் எழுதும் படத்திலும் இதை விட்டதை நான் பார்த்ததில்லை.

தேவகி தட்டாஞ்சாவடியில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங் பிரிவில் இருந்தவள். கெட்டுப்போன பிஸ்கட்டைக் கையில் எடுக்காமலே கண்டுபிடிப்பாள். நான் நடித்த எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். நான் சாகும் நேரம் வந்தால் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவாள். படப்பிடிப்பு முடிந்து வீட்டுக்கு வந்தால், மற்ற வீடுகளில் சாப்பிட்டாச்சா என்று கேட்பதுபோல, அவள் கேட்பது ஒன்றுதான்: “சிரிச்சாச்சா?”

ஆச்சு என்பேன். கதவை முழுதாகத் திறப்பாள்.

கடைசி வருடங்களில் நான் அதிகமாக நடித்தது ஒரே இயக்குநரின் படங்களில். பெயர் வேண்டாம்; டைரக்டர் என்றே எழுதுகிறேன். பருத்த உடம்பு, சன்னமான குரல். நடிகர்களோடு நேராகப் பேச மாட்டார். பக்கத்தில் நின்றாலும், தன் இணை இயக்குநர் கௌரியிடம் சொல்வார். கௌரி நம்மிடம் சொல்ல வேண்டும். கௌரிக்கு நாற்பதைத் தாண்டிய வயது. பாதி வாழ்க்கையை இந்த வேலையிலேயே கழித்தவர்.

“அவர இன்னும் கொஞ்சம் கம்மியா சாகச் சொல்லு.”

“அப்பா, இன்னும் கொஞ்சம் கம்மியா சாகச் சொல்றாரு.”

“சரின்னு சொல்லுங்க.”

“சரிங்கறாரு சார்.”

மூன்று பேருக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளிதான் இருக்கும்.

டைரக்டருக்கு எல்லாம் அசலாக இருக்க வேண்டும். அந்தப் படத்தில் என்னைக் கண்ணாடி மூடி போட்ட ஃப்ரீசர் பெட்டியில் படுக்க வைக்க வேண்டும் என்று முடிவு செய்தார். தட்டாஞ்சாவடியில் ரஹ்மான் பாய் என்று ஒருவர் ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். சாவு வீடுகளுக்குப் பெட்டி வாடகைக்கு விடுவதும் அவர்தான். வைத்திக்குப்பத்தில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டு முற்றத்துக்குப் பெட்டி வந்தது.

உள்ளே படுத்து மூடியைப் போட்டதும் ஒரு சிக்கல். என் மூச்சு பட்டு மூக்குக்கு நேரே கண்ணாடி வெளுத்தது. டைரக்டர் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே, “அவரு மூச்சு வுடறாருன்னு சொல்லு” என்றார். கௌரி குனிந்து கண்ணாடி வழியாக, “அப்பா, மூச்சு வுடறீங்களாம்” என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

ரஹ்மான் பாய்தான் வழி கண்டுபிடித்தார். மீன் தொட்டிக்குப் போடும் மெல்லிய குழாயை என் வாயோரத்தில் செருகி, தாடைக் கட்டுக்குள் மறைத்து, மாலைக்கு அடியில் ஓட்டி, பெட்டியின் கால்மாட்டில் வெளியே எடுத்தார். மூக்கில் பஞ்சு. வாயால் உள்ளே, வாயால் வெளியே. குழாயின் மறுமுனையில் யாரோ பீடி பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் காட்சியில் நான் இறந்துகிடந்தபடியே புகைத்தேன்.

கடைசி ஷாட் மீதியிருக்கும்போது வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. லுங்கியும் பனியனுமாக ஒருவர் நேராகப் பெட்டி அருகே வந்தார். அதே குப்பத்துக்காரர். ரஹ்மான் பாயின் இன்னொரு பெட்டி பழுதாகிக் கிடந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

“எங்க பெரியப்பாவ வெறுந்தரையில போட்டு வச்சிருக்கோம். இவரு உயிரோடதான இருக்காரு? எறக்குங்க.”

“இன்னும் ஒரு குளோசப் இருக்குன்னு சொல்லு” என்றார் டைரக்டர்.

“இன்னும் ஒரு குளோசப் இருக்குதுண்ணே” என்றார் கௌரி.

“அவரு மூஞ்சியையும் ஊரு ஜனம் கடைசியா ஒருவாட்டி பாக்கணும் இல்லியா? வெயில்ல வச்சிக்கிட்டு இன்னா பண்றது?”

 மூடியைத் திறந்து, என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். “தப்பா நெனச்சிக்காதீங்கப்பா” என்றார் அவர். மாலை வாடாமல் இருந்ததால் அதையும் வாங்கிக்கொண்டார். பெட்டி தெருவைத் தாண்டிப் போயிற்று. நான் மூக்கில் பஞ்சோடும் வாயில் குழாயோடும் முற்றத்தில் நின்றேன். வெளிச்சம் இறங்கிவிட்டது. டைரக்டர் கௌரியிடம் ஒன்றும் சொல்லாமல் காரில் ஏறினார். பேக்கப், அன்றைய வேலை அத்தோடு முடிந்தது.

வீட்டில் தேவகி கேட்டாள். இல்லை என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். நான் வீட்டுக்கு வெளியே மட்டும் நடிப்பவன். உள்ளே வந்தால் வராது. அவள் கதவைப் பாதி திறந்தபடியே வைத்தாள். நான் பக்கவாட்டில் திரும்பி நுழைந்தேன்.

அடுத்த வாரம் அவளுக்குப் படியேறும்போது மூச்சு வாங்கியது. இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருக்கிறது என்றார்கள். உடனே மாற்ற வேண்டும். தள்ளிப்போட்டால் தாங்கள் பொறுப்பில்லை என்றார் டாக்டர். மருத்துவமனையில் சேர்த்து, கையில் ஊசி செருகி, மறுநாள் காலை ஆபரேஷன் என்று முடிவான பிறகு, கட்டிலில் உட்கார்ந்துகொண்டு டாக்டர் எதிரிலேயே கேட்டாள்.

“அந்தப் பெட்டியில சிரிச்சாச்சா?”

“எந்தப் பெட்டி?”

“தெரியாத மாரி கேக்காதீங்க. வைத்திக்குப்பத்துப் பெட்டி.”

“இல்ல.”

“அப்ப நான் நாளைக்குப் படுக்க மாட்டேன்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். யார், எங்கே, எப்போது, ஏன் என்ற வரிசையில் விஷயத்தைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். சிரிக்கவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. “அதுக்கு எவ்ளோ நேரம் ஆகும்?” என்றார்.

“ஒரு நிமிஷம்.”

“அப்ப இன்னிக்கே முடிச்சுட்டு வந்துடுங்க. இவங்க மனசு இப்படி இருந்தா பிரஷர் எறங்காது. பிரஷர் எறங்கலன்னா நான் கத்தி எடுக்க மாட்டேன்.”

அவர் போன பிறகு தேவகியிடம் வாதாடினேன். போனில் எடுத்துக் காட்டுகிறேன் என்றேன். செல்லாது என்றாள். எடுத்த ஆள்தான் முடிக்க வேண்டும். அதே டைரக்டர், அதே கேமரா, அதே பெட்டி, அதே மாலை. மாலை குப்பத்துப் பெரியவரோடு போய்விட்டது என்றதும் மாலையை விட்டுக்கொடுத்தாள். மற்றதில் அசையவில்லை.

“இன்னாடி இது, படிச்ச டாக்டருகிட்ட போய்” என்றேன்.

“நான் உள்ள மயக்கத்துல கெடப்பேன். நீங்க வெளியில செத்துப்போன கணக்குல நிப்பீங்க. ரெண்டு பேரும் அப்பிடிக் கெடந்தா எழுப்பறதுக்கு யாரு இருக்கா நமக்கு? கண்ணு முழிச்சா நான் யாரப் பாக்கறது?”

நான் கிளம்பினேன்.

ரஹ்மான் பாய் பட்டறையில் ஒரு ஃப்ரிட்ஜின் முதுகைத் திறந்து வைத்திருந்தார். “பெட்டி தவளக்குப்பத்துல இருக்குதுண்ணே. மதியத்துக்கு மேல எடுத்துடுவாங்க. வாங்க, சேந்தே போலாம்” என்றார். அவருடைய சின்ன டெம்போவில் கடலூர் சாலையில் போனோம்.

பந்தல் போட்டிருந்தது. என் பெட்டியில் வேறொருவர் படுத்திருந்தார், என்னைவிட நன்றாக. நான் ஓரமாக நிற்கப் பார்த்தேன். அதற்குள் ஒரு பெண்மணி என்னைக் கண்டுவிட்டு, “இவரு போன மாசந்தான செத்தாரு?” என்றார். “அது சீரியல்ல அத்த” என்றது இன்னொரு குரல். இறந்தவரின் மகன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா என் தொடரை ஒருநாள்கூட விடமாட்டாராம். நானே வந்துவிட்டேனே என்று அழுதார். நாலு வார்த்தை பேச வேண்டும் என்றார்.

இரங்கல் எழுதியவனுக்கு அது வரும். பெயர், வயது, தொழில், விட்டுச் சென்றவர்கள் என்று விசாரித்துக்கொண்டு, நான்கு வாக்கியங்களில் சொன்னேன். சுருக்கமாகவும் பிழையில்லாமலும் இருந்தது. கூட்டத்துக்குப் பிடிக்கவில்லை.

“சீரியல்ல அழுவ மாட்டீங்களா, அந்த மாரி அழுவுங்க சார்” என்றார் ஒருவர்.

அழுதேன். இடது கண்ணிலிருந்து முதலில் வருவதுதான் என் வழக்கம். கேமராவுக்கு அந்தப் பக்கம் நல்லது. பெண்கள் சத்தமாகச் சேர்ந்துகொண்டார்கள். பறை அடிப்பவர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். நடுவில் எனக்குத் தேவகியின் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி நினைவுக்கு வந்தது. அதன் பிறகு எந்தக் கண்ணிலிருந்து வருகிறது என்று கவனிக்க முடியவில்லை. நான் எதற்காக வந்தேன் என்று அந்த வீட்டார் கடைசிவரை கேட்கவில்லை. பெரியவரைத் தூக்கியதும் ரஹ்மான் பாய் பெட்டியைக் கழுவி, மருந்துத் தண்ணீரால் துடைத்து, டெம்போவில் ஏற்றினார்.

டைரக்டர் கடற்கரைக்குப் பின்புறம் ஒரு வீதியில் காதல் பாட்டு எடுத்துக்கொண்டிருப்பதாகக் கௌரி போனில் சொல்லியிருந்தார். நான் பெட்டியில் செத்துக் கிடந்ததும் இதே படத்தில்தான். அப்பா செத்த துக்கத்தைக் காதலி ஆற்றும் பாட்டு. காகிதப்பூக் கொடி தொங்கும் மஞ்சள் சுவர். இளம் சிவப்பு உடையில் கதாநாயகி. அந்த வீதிக்குள் எங்கள் டெம்போ நுழைந்தது. எதிர் வீட்டு வாசலில் நின்ற, பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர், பெட்டியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். நான் முன் இருக்கையிலிருந்து இறங்கி அவருக்கு வணக்கம் சொன்னேன். அவர் தொப்பியைப் போடுவதா வேண்டாமா என்று புரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

“அப்பா, இது லவ் சாங்” என்றார் கௌரி.

விஷயத்தைச் சொன்னேன். டைரக்டர் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார்.

“அவரு பத்திரிகையில இருந்தவருதான? இதையெல்லாம் நம்பறாரான்னு கேளு.”

“நம்பறீங்களாப்பா?”

“நம்பலன்னு சொல்லுங்க.”

“நம்பலயாம் சார்.”

“அப்ப எதுக்குன்னு கேளு.”

“நம்பறவங்க ஆஸ்பத்திரியில படுத்திருக்காங்கன்னு சொல்லுங்க. காலையில ஆபரேஷன்.”

டைரக்டர் வானத்தைப் பார்த்தார். “வெயில் போவுது. எனக்கு இன்னொரு சரணம் பாக்கி. அடுத்த ஷெட்யூல்ல பாத்துக்கலாம்னு சொல்லு.”

கௌரி சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்டதை நான் பார்த்தது அன்றுதான்.

அப்போது ஒரு ஆட்டோ வந்து டெம்போவுக்குப் பின்னால் நின்றது. தேவகி இறங்கினாள். மருத்துவமனை உடுப்புக்கு மேல் ஒரு துப்பட்டா. கையில் செருகிய ஊசி. நான் ஆஸ்பத்திரியில் போனில் இடம் விசாரித்ததைக் கேட்டிருந்தவள், பக்கத்துக் கட்டில்காரரிடம் காபி வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். நான்கடி நடந்து, டெம்போவைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாள்.

“அந்தம்மாவ நெழல்ல உக்காரச் சொல்லு” என்றார் டைரக்டர்.

“நான் ஒன் எதுருலதானப்பா நிக்கறேன். எங்கிட்டயே சொல்லேன்.”

 லைட்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டைரக்டர் கௌரியைப் பார்த்தார். கௌரி தரையைப் பார்த்தார்.

“உக்காருங்கம்மா” என்றார் டைரக்டர்.

“உக்காருங்கம்மா” என்றார் கௌரியும், பழக்கத்தில்.

டைரக்டர் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். தேவகி மானிட்டருக்கு நேரே உட்கார்ந்தாள். பாட்டு நின்றது. வேட்டி மாற்றிக்கொண்டு பெட்டியில் ஏறிப் படுத்தேன். கேமரா ஓடியது. எழுந்து உட்கார்ந்து லென்ஸைப் பார்த்துச் சிரித்தேன்.

“இது பேங்க் மேனேஜரு” என்றாள் தேவகி.

“இன்னாம்மா?”

“பேங்க் மேனேஜரா வந்தாரு இல்ல, அந்தச் சிரிப்பு. எனக்கு இவரு சிரிப்பு வேணும்.”

மறுபடி படுத்து, மறுபடி எழுந்து சிரித்தேன்.

“இது சீரியல்ல சம்பந்தி வூட்டுக்காரங்க வந்தப்ப சிரிச்சது. மனசுல ஒண்ணு வச்சிக்கினு.”

அடுத்ததை, மகன் போலீசில் சேர்ந்தபோது சிரித்தது என்றாள். அதற்கடுத்தது வில்லனுக்கு அப்பா. டைரக்டர் அவள் தோளுக்குப் பின்னால் நின்று மானிட்டரைக் கூர்ந்து பார்த்தார். “அம்மா சொல்றது சரி” என்றார். “வாய் சிரிக்குது. ஆளு சிரிக்கல.”

பெட்டியில் மல்லாந்து கிடந்து, என் சிரிப்பு எது என்று யோசித்தேன். வேலையில் அது தேவைப்பட்டதே இல்லை. வீட்டில் சிரித்திருப்பேன், ஆனால் வீட்டில் கேமரா இல்லை, எப்படியிருந்தது என்று எனக்குத் தெரியாது. அதைப் பார்த்த ஒரே ஆள் மானிட்டர் முன்னால் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாயத் தொடங்கியிருந்தது. நேரம் போகப்போகச் சிரிப்பு இன்னும் வராது என்பதும் தெரிந்தது.

டைரக்டருக்கு ஒரு பழக்கம். நடிகனால் முடியாவிட்டால் தானே நடித்துக் காட்டுவார். “எந்திரிக்கச் சொல்லு, நான் காட்டறேன்” என்றார். நான் இறங்கினேன். அவர் ஏறினார். ரஹ்மான் பாயின் பெட்டி அவ்வளவு அகலத்தை எதிர்பார்த்துச் செய்ததல்ல. தோளைச் சாய்த்து, ஒருபக்கமாக இறங்கி, நேராகி, கண்ணை மூடினார்.

ரஹ்மான் பாய் மூடியைச் சாத்திக் கொக்கியைப் போட்டார்.

“இன்னா பாய்?” என்றேன்.

“பழக்கம்ணே. ஆளு படுத்தா கை தானா மூடிடும்.”

கொக்கி சிக்கிக்கொண்டது. பாய் அதோடு மல்லுக்கட்டினார். உள்ளே டைரக்டர் வாயைத் திறந்து மூடினார். சத்தம் வரவில்லை. ஒவ்வொரு கட்டளைக்கும் கண்ணாடியில் ஒரு வெள்ளை வட்டம் விழுந்தது. கௌரி ஓடிவந்து குனிந்து, உதட்டசைவைப் பார்த்து, எங்கள் பக்கம் திரும்பிப் பொறுப்பாகச் சொன்னார்:

“தொறக்கச் சொல்றாரு.”

எதிர்வீட்டுப் பெரியவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

முதலில் சிரித்தது தேவகிதான். ஒரு கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டு, மறுகையால் வேண்டாம் வேண்டாம் என்று காட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் குலுங்கினாள். அவளைப் பார்த்தேன். பயமாக இருந்தது. அந்தப் பயத்தோடேயே எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எப்படிச் சிரித்தேன் என்று என்னால் எழுத முடியவில்லை. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது என்பது நினைவிருக்கிறது. கேமராமேன் கேமராவை நிறுத்தாமல் வைத்திருந்தார். நல்ல தொழிலாளி.

தேவகி மானிட்டரில் என் முகத்தைத் தொட்டாள். “இதான். போதும்.”

கொக்கியைத் திறந்துவிட்ட ரஹ்மான் பாய்க்குச் சந்தேகம். “அண்ணன் பெட்டிக்கு வெளியில நின்னுல்ல சிரிச்சாரு? ஆவுமாம்மா?”

“வெளியில நின்னுதான் சிரிக்கணும் பாய். உள்ள கெடந்தா சிரிப்பாங்க?”

காலையிலிருந்து நான் பெட்டியைத் தேடி ஊர் சுற்றியதை அவளுக்கு நினைவுபடுத்தவில்லை.

டைரக்டர் பெட்டியில் எழுந்து உட்கார்ந்திருந்தார். இறங்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்த்து, நேராக என்னைப் பார்த்து, “அப்பா, நானும் படுத்துட்டனே” என்றார்.

அவருடைய சிரிப்பை எடுக்கத்தான் அதிக நேரமாயிற்று. யூனிட்டில் யாரும் அவர் சிரித்துப் பார்த்ததில்லை. அவருக்கும் அனுபவம் குறைவு. தேவகி நாற்காலியிலிருந்து, “இன்னும் கொஞ்சம்ப்பா, கண்ணும் சேரட்டும்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டாவது சரணத்துக்கு வெளிச்சம் இல்லாமல் போனது. ஓகே என்று அவள் சொன்ன பிறகுதான் டைரக்டர் இறங்கினார். தன் காரிலேயே எங்களை மருத்துவமனைக்கு அனுப்பினார்.

மறுநாள் காலை டாக்டர் அவள் நாடியைப் பிடித்துப் பார்த்து, “முடிஞ்சுதா?” என்றார். “ஆச்சு டாக்டர்” என்றாள். உள்ளே கொண்டுபோனார்கள். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இரங்கல் பகுதியில் வேலை பார்த்தவனுக்கு அப்படிப்பட்ட நேரத்தில் வாக்கியங்கள் தாமாக உருவாகும். பெயர், வயது, விட்டுச் சென்றவர்கள். விட்டுச் சென்றவர்கள் வரும் இடத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. ஒவ்வொரு முறையும் அதை அடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மாலையில் கூப்பிட்டார்கள். பச்சை அங்கி, தொப்பி, முகமூடி எல்லாம் மாட்டி, ஒரு நிமிடந்தான் என்று சொல்லி நர்ஸ் என்னை உள்ளே விட்டார். தேவகியின் கண் பாதி திறந்திருந்தது.

“அம்மா, யாரு வந்திருக்காங்க பாருங்க” என்றார் நர்ஸ்.

பார்த்தாள். அந்த அறையில் எல்லோரும் பச்சை அங்கியும் முகமூடியுமாகத்தான் இருந்தார்கள். அவள் பார்வை என்மேல் நிற்காமல் என்னைத் தாண்டிப் போனது, அடுத்தவரிடம் போனது, கதவுப் பக்கம் போனது. தேடுகிறாள் என்று புரிந்தது. முகமூடியைக் கீழே இழுத்தேன்.

“சார்” என்றார் நர்ஸ், எச்சரிக்கையாக.

தேவகி என் முகத்தைப் பார்த்தாள். வைத்திக்குப்பத்து மணலில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பாளே, அதுபோல நெற்றி, கண், வாய் என்று ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் பார்த்தாள். குழாய் எடுத்த தொண்டையிலிருந்து குரல் அரைகுறையாக வந்தது.

“மூடிக்குங்க. அந்தப் பொண்ணு திட்டப் போவுது.”

மூடிக்கொண்டேன்.